பாசி வெள்ளத்தைக் குடிப்பதில்லை

“இங்கிலாந்தில் ஒரு மில் ஊரில் மலைமேல் பாசி நட்டே வெள்ளத்தை நிறுத்திவிட்டார்களாம். ஒரு கைப்பிடிப் பாசி தன் எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைக் குடித்துவிடுமாம். உண்மையா? மழைக்காலம் வந்தாலே மோட்டாரைக் கழற்றிப் பரண்மேல் வைக்கும் எங்களுக்கு அதில் ஏதாவது வழி இருக்கிறதா?” என்று அம்பத்தூரில் சிறிய பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஊர் உண்மை. பாசியும் உண்மை. ஸ்ஃபாக்னம் என்ற அந்தப் பாசி தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும் என்பதும் சரிதான். ஆனால் வெள்ளம் நிற்கவில்லை. பாசி நடத் தொடங்கிய பிறகும் அந்த ஊர் மூழ்கியிருக்கிறது. பாசி குடித்துவிடும், அதனால் வெள்ளம் வராது என்ற விளக்கமே அடிப்படையில் தவறு. ஆனாலும் பாசி வெள்ளத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. அது எப்படிக் குறைக்கிறது என்பதுதான் நான் சில காலமாக விடாமல் படித்துவரும் விஷயம். காணொளிகளில் வரும் கதையைவிட இந்த நிஜம் அழகானது. ஊரைக் காப்பவர்களுக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான்.

ஊரின் பெயர் ஹெப்டன் பிரிட்ஜ். வடக்கு இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷயரின் கால்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் பேர். பென்னைன் மலைமேட்டிலிருந்து இறங்கிவரும் ஹெப்டன் ஓடை, ஊருக்குள்ளேயே கால்டர் ஆற்றில் கலக்கிறது. சற்றுக் கீழே மைதம்ராய்ட் என்ற ஊர். கவிஞர் டெட் ஹியூஸ் பிறந்த இடம். 2012 ஜூனில் ஒரு வெள்ளம், அடுத்த மாதமே இன்னொன்று. 2015 டிசம்பர் 26 அன்று, ஈவா புயலை ஒட்டிப் பெய்த மழையில் கால்டர்டேல் பகுதி முழுவதும் 2,781 வீடுகளிலும் 1,635 கடை, பட்டறை, தொழிலகங்களிலும் தண்ணீர் புகுந்தது. 2020 பிப்ரவரி 9 அன்று கியாரா புயல். மைதம்ராய்டில் 3 கோடி பவுண்டு அளவிலான வெள்ளத்தடுப்பு வேலை, கரைச்சுவர் எழுப்புவதும் ஆற்றை அகலப்படுத்துவதுமாக, நடந்துகொண்டிருந்தபோதே அந்த வெள்ளம் வந்துவிட்டது.

மக்கள் தங்கள் அளவில் ஏற்பாடுகள் செய்துகொண்டிருக்கிறார்கள். வெள்ளம் வருகிறது என்றால் இரண்டாம் உலகப்போர் காலத்து வான்தாக்குதல் சங்கு மாதிரியான ஒன்று பள்ளத்தாக்கில் ஊதும். கடைக்காரர்கள் வாசலில் தடுப்புப் பலகை இறக்குவார்கள், சரக்கை மாடிக்கு ஏற்றுவார்கள். மின் பிளக்குகளை இடுப்புயரத்துக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். மரத்தரையும் கம்பளமும் போய், கழுவிவிடக்கூடிய ஓடும் கல்லும் வந்துவிட்டன. 2016 ஏப்ரலில் ‘ஃப்ளட் ரீ’ என்ற மறுகாப்பீட்டுத் திட்டம் தொடங்கியதால், வெள்ளப் பகுதியில் உள்ள வீடுகளுக்கு ஓரளவு கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்கிறது. வியாபாரங்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. சிறு பட்டறைக்காரர் காப்பீட்டுச் சந்தை கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காப்பீடு இல்லாமலே தொழில் நடத்த வேண்டும். ஹெப்டன் பிரிட்ஜில் ஆற்றங்கரையை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் இத்தகைய சிறு தொழில்கள்தான். வெள்ளத்தின் மட்டம் அரை அடி குறைந்தால்கூட அவர்களுக்கு அது பெரிய விஷயம் என்பதால்தான், அந்த அரை அடி எங்கிருந்து கிடைக்கும் என்று கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரையில் போய் ஏன் ஊர் கட்டினார்கள் என்ற கேள்விக்காகக் கொஞ்சம் வரலாறு. பழைய நெசவாளர்கள் மேட்டில், ஹெப்டன்ஸ்டாலில்தான் இருந்தார்கள். தண்ணீர்ச் சக்கரத்தில் மில் ஓட்டும் காலம் வந்ததும், சக்கரத்தைச் சுற்றும் ஓடையைத் தேடித் தொழில் கீழே இறங்கியது. 1800 வாக்கில் கட்டிய கிப்சன் மில் இன்றும் ஹெப்டன் ஓடைக்கரையில் நிற்கிறது. பிறகு கால்வாய், ரயில், நீராவி. ஃபஸ்டியன் என்ற முரட்டுப் பருத்தித் துணியையும் அதில் தைத்த கால்சட்டைகளையும் ஊர் ஊராக அனுப்பிப் பெயர் வாங்கினார்கள். பள்ளத்தாக்கின் தரையோ குறுகலானது. அதில் ஆறு, கால்வாய், ரயில்பாதை, சாலை, மில், வீடு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஆறு பெருகினால் பரவுவதற்கு இடம் மிஞ்சவில்லை. வரலாறு இவ்வளவு போதும், மேட்டுக்குப் போகலாம்.

மேட்டில் பரந்து கிடப்பது பீட் மண். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் செத்த பாசியும் புல்லும் முழுதாக மக்காமல், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான கறுப்புப் படிவம் அது. எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இதை வைத்துத்தான் பஞ்சு என்ற பேச்சு கிளம்பியது. மலைமேல் மாபெரும் பஞ்சு கிடக்கிறது, மழையை உறிஞ்சிக்கொள்கிறது, அதைக் கெடுத்ததால் வெள்ளம் வந்தது, சரிசெய்தால் நின்றுவிடும் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்றால் அது ஏற்கெனவே நிறைந்துவிட்ட பஞ்சு என்பதை யாரும் சொல்வதில்லை. நலமாக இருக்கும் பீட்டில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டின் பெரும்பகுதி மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே நிற்கும். அப்படி நின்றால்தான் பாசி பிழைக்கும், பீட் வளரும். எனவே மழை வரும்போது அதில் இருக்கும் வெற்றிடம் மிகக் குறைவு. வாய்க்கால் வெட்டி வடித்துக் காயவிட்ட பீட்டில்தான் இடம் அதிகம். பஞ்சுக் கணக்கின்படி பார்த்தால் கெட்டுப்போன பீட்தான் ஊரைக் காக்க வேண்டும்! 2015 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1910 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை அவ்வளவு மழை பெய்த மாதம் வேறொன்று இல்லை. மாதத் தொடக்கத்திலேயே டெஸ்மண்ட் புயல் வந்துவிட்டுப் போயிருந்தது. 26ஆம் தேதி மழை விழுந்தபோது மேட்டில் எங்குமே இடம் இல்லை. விழுந்த மழை மண்ணுக்குள் போகாமல் மண்மேல் ஓடியது.

மண்மேல் ஓடியது என்ற இந்த இடத்தில்தான் பாசி வருகிறது.

சரிவில் ஓடும் மழைநீர் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய தாள். அதற்குக் கீழே வெறும் பீட் இருந்தால், அது வழவழப்பான கறுப்புச் சேறு. நீர்த்தாளைத் தடுக்க எதுவும் இல்லை. அதே இடத்தில் ஸ்ஃபாக்னம் படர்ந்திருந்தால், பாசியின் உயரம் நீர்த்தாளின் தடிமனைவிட அதிகம். அதாவது தண்ணீர் பாசியின் மேலே ஓடுவதில்லை; ஆயிரமாயிரம் சிறு தண்டுகளுக்கும் தலைகளுக்கும் இடையே புகுந்து, வளைந்து, முட்டி, வழி தேடித்தான் இறங்க வேண்டும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஹோல்டனும் அவர் குழுவினரும் பீட் சரிவுகளில் நீரை ஓடவிட்டு அதன் வேகத்தை அளந்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், வெறும் பீட்டைவிட ஸ்ஃபாக்னம் உள்ள இடத்தில் நீரின் வேகம் வெகுவாகக் குறைவு என்று தெரிந்தது. உராய்வு, அவ்வளவுதான். குடிப்பதும் உறிஞ்சுவதும் இதில் இல்லை.

உராய்வால் என்ன ஆகிறது என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஓடைக்கும் சரிவின் மேல்விளிம்புக்கும் 300 மீட்டர். விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் வந்தால் 50 நிமிடத்தில் ஓடையை அடையும். விநாடிக்கு 2 சென்டிமீட்டர் என்றால் நாலு மணி நேரத்துக்கும் மேலாகும். மழை அதேதான், மொத்த நீரும் அதேதான். மழையின் உச்ச கட்டம் ஒரு மணி நேரம்தான் என்றால், முதல் சரிவிலிருந்து அந்த மணி நேரத்து நீர் மொத்தமாக ஓடைக்கு வந்துவிடும். இரண்டாவது சரிவிலிருந்து பல மணி நேரத்துக்குப் பிரித்துப் பிரித்து வரும். ஆற்றுச்சுவரைத் தாண்டுவது மொத்த நீரின் அளவு இல்லை; ஒரே நேரத்தில் வரும் நீரின் அளவு.

தாமதப்பட்ட நீர் அதுவரை எங்கே இருக்கிறது? வேகம் குறைந்தால் நீர்த்தாள் தடிமனாகும், அதில்தான். ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் நீர்த்தாள் 5 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனாக நின்றால் அது 5,000 கனமீட்டர், அதாவது 50 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நானூறுக்கு மேல் வேண்டும். அணையும் குளமும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் நீருக்குள்ளேயே இவ்வளவு நீர் தங்குகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வாசகருக்கும் தந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வருகிறார்கள், பந்திக்கு 250 இலை. தாலி கட்டிய கையோடு ஆயிரம் பேரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினால், சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள், படிக்கட்டு அடைபடும். அதே ஆயிரம் பேர் இரண்டு மணி நேரத்தில் பிரிந்து வந்தால் பரிமாறுகிறவருக்கு வியர்க்காது. பாசி செய்வது, வாசலில் வரவேற்பு மேசையில் நிற்கும் சித்திகளும் அத்தைகளும் செய்கிற வேலை. ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கல்கண்டு நீட்டி, “ஊர்லேருந்து எப்ப வந்தீங்க, பெரியவளுக்கு வரன் அமைஞ்சுதா?” என்று கேட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் யாரையும் சாப்பிடாமல் திருப்பி அனுப்புவதில்லை. ஆயிரம் பேரும் சாப்பிடத்தான் போகிறார்கள், ஒன்றாகப் போவதில்லை. மேட்டில் போன நூற்றாண்டில் அரசு மானியத்தோடு வெட்டிய வடிகால்கள் இருக்கின்றன. அவை கொல்லைப்புறக் கதவுக்கே வேன் விட்டு ஆளை இறக்குவதற்குச் சமம். வேனை நிறுத்தினாலே பாதிக் கூட்டம் வரவேற்பு மேசை வழியாக வரும்.

இந்தக் கல்யாணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம், ஏனென்றால் பாசியின் குறைகளும் இதில் அப்படியே இருக்கின்றன. ஒரே நிமிடத்தில் நானூறு பேர் வாசலில் வந்து நின்றால் அத்தைகளால் எத்தனை பேரைத்தான் நிறுத்த முடியும்? பின்னால் உள்ளவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மழை மிகப் பலமாகி நீர்த்தாள் பாசியின் உயரத்தைத் தாண்டிவிட்டால், மேலே உள்ள நீர் தண்டுகளைத் தொடாமலே வழுக்கிக்கொண்டு போகும். உராய்வின் பயன் அங்கே குறையும். எனவே நடுத்தர வெள்ளத்தில் நன்றாக வேலை செய்யும் பாசி, மிகப் பெரிய வெள்ளத்தில் அந்த அளவுக்குச் செய்யாது. இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் ஒன்பது மணிக்கே சாப்பிட்டுப் போய்விடுவார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பஸ் பத்தரைக்குத்தான் வரும் என்று சமையல்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். அத்தைகள் உள்ளூர்க்காரர்களைப் பேசிப் பேசிப் பத்தரை வரை நிறுத்திவிட்டால்? இரண்டு கூட்டமும் ஒன்றாக இறங்கும். மேசையே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றிவிடும். ஹெப்டன் ஓடையும் கால்டர் ஆறும் ஊருக்குள்ளேயே கலக்கின்றன என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். முதலில் வந்து வடிந்துவிடும் ஓடையைத் தாமதப்படுத்தினால், அதன் உச்சம் அடுத்த ஆற்றின் உச்சத்தோடு போய்ச் சேர்ந்துவிடக்கூடும். எந்தச் சரிவில் பாசி, எந்த ஓடையில் தடுப்பு என்பதை நேரக் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எங்கே ஆர்வலர்களும் இடமும் கிடைக்கிறதோ அங்கே நட்டால் போதும் என்பது ஆபத்தான பேச்சு.

இது கோட்பாடு மட்டும்தானா? ஹெப்டன் பிரிட்ஜுக்குத் தெற்கே, இதே பென்னைன் தொடரில், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் வெறும் பீட்டாகக் கிடந்த சிறு நீர்ப்பிடிப்புகளில் செடி மூடச் செய்து, அரித்த ஓடுபள்ளங்களுக்குத் தடுப்பும் வைத்து, முன்னும் பின்னும் அளந்த ஆய்வு 2019இல் வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எம்மா ஷட்டில்வொர்த் அதன் முதல் ஆசிரியர். மழைக்கும் ஓடை உச்சத்துக்கும் இடையேயான நேரம் நீண்டது, உச்சமும் கணிசமாகத் தணிந்தது. பெய்த மழையில் எத்தனை பங்கு ஓடையாக வந்து சேர்ந்தது என்பதில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனக்கு இந்த மூன்றாவது முடிவுதான் முக்கியம். சரிவு அதிகம் குடித்திருந்தால் அந்தப் பங்கு குறைந்திருக்கும். அது குறையாமலே உச்சம் தணிந்தது என்றால் வேலை செய்தது உராய்வு. ஆனால் இவை மிகச் சிறிய நீர்ப்பிடிப்புகள். ஒரு முழு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இதே விகிதத்தைப் பெருக்கிச் சொல்ல முடியாது.

அந்த மேடுகள் வெறும் பீட்டாக ஆனது எப்படி என்பது நெஞ்சைச் சுடும் விஷயம். ஸ்ஃபாக்னத்துக்கு வேர் கிடையாது. இலை ஒரே ஒரு செல் தடிமன், மேல்பூச்சும் இல்லை. உணவும் நீரும் மழையிலிருந்து நேரடியாக உடம்புக்குள் போகின்றன. மழையில் என்ன இருந்தாலும் போகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லங்காஷயரிலும் யார்க்‌ஷயரிலும் மில் புகைபோக்கிகள் கக்கிய நிலக்கரிப் புகையின் கந்தகம் தெற்குப் பென்னைன் மேடெங்கும் மழையோடு இறங்கியது. பாசி செத்தது. இன்றும் அங்கே பீட்டைத் துளையிட்டு எடுத்தால் மேலடுக்கில் புகைக்கரியும் ஈயமும் இருக்கின்றன. அந்த அடுக்குக்குக் கீழே ஸ்ஃபாக்னத்தின் மிச்சங்கள் நிறைய. மேலே வர வர அரிது. கீழே ஊரை உண்டாக்கிய தொழிலே மேலே ஊருக்கான தடுப்பை அழித்திருக்கிறது; நெசவுத் தொழிலாளி குடும்பங்கள் கரிப்புகையைச் சுவாசித்த அதே காலத்தில், அவர்களுடைய பேரன் பேத்திகளின் வெள்ளமும் மேலே உருவாகிக்கொண்டிருந்தது. காற்று இப்போது வெகுவாகச் சுத்தமாகிவிட்டதால்தான் பாசியைத் திரும்ப நட முடிகிறது. 2003இல் தொடங்கிய ‘மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்’ கூட்டமைப்பு, அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு தூவி, முதலில் புல் முளைக்க வைத்து, அதன் நிழலில் பாசிக் கன்றுகளை நடுகிறது. ஏறிப்போகப் பாதை இல்லாத இடங்களுக்குப் பொருள் ஹெலிகாப்டரில் போகிறது.

மிச்சம் இருக்கும் தகராறு, தீ. ரெட் கிரவுஸ் என்ற பறவையின் வேட்டைக்காக மேட்டின் ஹெதர் புதரைச் சுழற்சி முறையில் எரிக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஹெப்டன் பிரிட்ஜ் மக்களில் பலர் வெள்ளத்துக்குக் காரணம் அந்தத் தீதான் என்று உறுதியாக நம்பி, 2012 வெள்ளத்துக்குப் பிறகு எரிப்பதற்குத் தடை கேட்டுப் போராடினார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வு, எரித்த இடங்களில் ஸ்ஃபாக்னம் குறைவாக இருப்பதையும் நீர்மட்டம் ஆழத்தில் இருப்பதையும் காட்டியது. எரித்த நீர்ப்பிடிப்புகளில் கனமழையின்போது ஓடை உச்சம் சற்று உயர்வதாகத் தெரிகிறது, ஆனால் இது முடிவான கண்டுபிடிப்பு இல்லை என்றும் அவர்களே எழுதினார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஆழமான பீட்டின் மேல் உரிமமின்றி எரிப்பதை இங்கிலாந்து 2021 மே முதல் தடை செய்தது. பீட்டுக்காகவும் பறவைகளுக்காகவும் அந்தத் தடையை முழு மனதோடு வரவேற்கிறேன். வெள்ளக் கணக்கில் அதற்குச் சான்று காட்டுவதைவிடப் பெரிய இடம் கொடுப்பவர்களோடு மட்டும் உடன்பட முடியவில்லை.

இப்படி மிகைப்படுத்துவதால் வரும் கேட்டுக்கு பிக்கரிங் நல்ல உதாரணம். வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள அந்தச் சிறு நகரம் 2015 டிசம்பர் 26 அன்று மூழ்கவில்லை. மரக்கட்டைத் தடுப்புகள் ஊரைக் காப்பாற்றிவிட்டன என்று பத்திரிகைகள் கொண்டாடின. பின்னால் வந்த ஆய்வு நிதானமாகச் சொன்னது இது: அங்கே பெய்தது 36 மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மட்டும். ஆற்றின் உச்சத்தை அந்தத் திட்டம் 15 முதல் 20 சதவீதம் குறைத்தது. அதிலும் ஏறக்குறையப் பாதி, ஊருக்கு மேலே கட்டிய 1,20,000 கனமீட்டர் வெள்ளத்தேக்கத்தின் பங்கு. மீதிப் பாதி கட்டைகளுக்கும் நில மாற்றங்களுக்கும் போகட்டும். அது உண்மையிலேயே பெருமைக்குரியது. ஹெப்டன் பிரிட்ஜில் விழுந்த மழையை அந்தக் கட்டைகள் தாங்கியிருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

அதே கட்டைத் தடுப்புகளை ஹெப்டன் பிரிட்ஜிலும் வைத்திருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கிய ‘ஸ்லோ த ஃப்ளோ’ அமைப்பின் தொண்டர்கள், கிப்சன் மில் இருக்கும் ஹார்ட்காசில் கிராக்ஸ் காட்டின் சிற்றோடைகளில் நூற்றுக்கணக்கில் அமைத்தார்கள். சாதாரண நாளில் நீர் கட்டைக்கு அடியில் போய்விடும். பெருகினால்தான் கட்டையில் முட்டிப் பின்வாங்கித் தேங்கும். ஈரத்தில் நின்று கட்டை தூக்கும் அந்த மனிதர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அதனாலேயே கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு தடுப்பு 10 கனமீட்டர் பிடிக்கிறது என்று வைத்தால் 600 தடுப்புகள் 6,000 கனமீட்டர். விநாடிக்கு 60 கனமீட்டர் வரும் வெள்ளத்துக்கு அது 100 விநாடி நீர். தேக்கமாக மட்டும் பார்த்தால் இவ்வளவுதான். நிறைந்த பிறகும் அவை ஓடைக்குத் தரும் உராய்வையும் நேரத்தையும் சேர்த்தால் மதிப்பு கூடும். சைமன் டேட்சனும் சகாக்களும் 2017இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இந்தத் துறையின் சான்றுகளையெல்லாம் திரட்டி எழுதியதிலும் இதே நிதானம்தான்: சிறிய நீர்ப்பிடிப்பில் சிறிய, நடுத்தர வெள்ளத்துக்குப் பயன் உண்டு, பெரிய நீர்ப்பிடிப்பில் மிகப் பெரிய வெள்ளத்துக்கு அதே பயன் இருக்கிறது என்று காட்டும் சான்று இல்லை.

ஊருக்கு மேலே குடிநீருக்காகக் கட்டிய ஆறு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு அவற்றில் பத்து சதவீதம் காலியாக வைத்துப் பார்க்கும் சோதனை நடந்தது. வெற்றிடம் என்றால் இதுதான் உண்மையான வெற்றிடம், பாசியில் இல்லாதது. ஆனால் குளிர்காலத்தில் காலியாக வைத்தது கோடைக்குள் நிறையாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது. செம்பரம்பாக்கம் ஏரியை முன்வைத்துச் சென்னை விவாதித்த அதே இழுபறி இது. அதுவும் அதே 2015 டிசம்பர்தான்.

அம்பத்தூர் வாசகருக்கு இப்போது நேராகவே சொல்லிவிடலாம். உங்களுக்குப் பாசி பயன்படாது. உங்கள் ஊர் சரிவில் இல்லை, கிட்டத்தட்டத் தட்டை. அங்கே தண்ணீர் வேகமாக வந்து அடிப்பதைவிட, போக வழியில்லாமல் நிற்பதுதான் பிரச்சினை. மேலே ஏரி நிறைந்து, கீழே கால்வாய் அடைபட்டிருந்தால், உராய்வைக் கூட்டுவது நின்ற நீரை இன்னும் நிற்க வைக்கும். சென்னையில் இப்போது அமைக்கும் ‘பஞ்சுப் பூங்கா’க்களைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: எத்தனை கனமீட்டர் பிடிக்கும், முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் இடையே காலியாகுமா? வடகிழக்குப் பருவமழையில் புயல்கள் அடுத்தடுத்து வருகின்றன. நிறைந்த குளத்தில் விழும் மழைக்கு அந்தக் குளம் இல்லாத மாதிரிதான். எத்தனை பூங்கா அமைத்தோம் என்ற எண்ணிக்கையை வைத்து யாரும் உங்களுக்கு நம்பிக்கை தர வேண்டாம். கனமீட்டரையும் மணி நேரத்தையும் சொல்லட்டும். அதுவரை மோட்டாரைப் பரணில் வைக்கும் வழக்கம் தொடரட்டும். ஹெப்டன் பிரிட்ஜ் கடைக்காரர்களும் மேலே பாசி வளர்வதால் வாசல் பலகையைக் கழற்றிவிடவில்லை.

அங்கே இப்போது விவாதம் வேறொரு இடத்துக்கு வந்திருக்கிறது. ஹெப்டன் ஓடைக்கு நீர் தரும் வால்ஷா மேட்டில் பெரிய காற்றாலைப் பண்ணை அமைக்க 2023இல் திட்டம் அறிவித்தார்கள். புதைபடிவ எரிபொருளைக் கைவிடக் காற்றாலை வேண்டும். கனமழை அடிக்கடி வருவதன் பின்னால் இருப்பதும் அந்த எரிபொருள் கக்கும் கரியமில வாயுதான். ஆனால் காற்றாலைக்குப் பாதை வேண்டும். பீட்டின் மேல் போடும் பாதைக்கு வடிகால் வேண்டும். எதிர்ப்பவர்கள் பஞ்சைக் கிழிக்கிறார்கள் என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் மேட்டின் பரப்பில் பாதைகள் பிடிக்கும் பங்கு மிகச் சிறிது என்கிறார்கள். இரண்டுமே பரப்பைப் பற்றிய பேச்சு. என்னைக் கேட்டால், வரைபடத்தில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு பாதையின் ஓரக் கால்வாயும் எங்கே போய் முடிகிறது என்பதை. அதன் நீர் பாசிப் பரப்பின் மேல் பிரித்துவிடப்பட்டால் பெரிய மாற்றம் இருக்காது. நேராக ஓடையில் போய் விழுந்தால், அந்தச் சரிவு நான்கு மணி நேரமாகக் கொண்டுவந்த நீரை ஐம்பது நிமிடத்தில் கொண்டுவந்து ஊருக்குள் விட்டுவிடும்.